விளையின் சருகும் வாங்கிய தொட்டியும்

தனு மாதம் பாதி கழிந்துவிட்டால் பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரைக்குமான ஊர்களில் மாலைதோறும் முற்றத்துக்கு முற்றம் புகை எழும்பும். தேக்கும் ரப்பரும் மொத்தமாக உதிர்க்கும் காலம் அது. மாவும் பலாவும் அயினியும் ஆண்டு முழுக்க விடாமல் உதிர்ப்பவை. வாரியலால் கூட்டி ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டுத் தீ வைத்தால் வேலை முடிந்தது. இதை நியாயப்படுத்தும் கருத்து ஒன்று இங்கே எல்லோருடைய வாயிலும் இருக்கிறது: சருகு என்பது சவறு, அதை எரிப்பதுதான் சுத்தம், வீட்டில் உரம் ஆக்குவதெல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கும், பஞ்சாயத்து கொடுத்த உரத் தொட்டியை வைத்துப் பார்த்தாயிற்று, நாறியது, புழு வைத்தது, மூலையில் கவிழ்த்து வைத்தாயிற்று. அரசுத் தரப்பின் கருத்து இதற்கு நேர் எதிரானதுபோலத் தோன்றும். தொட்டியை ஒழுங்காகப் பயன்படுத்தாத வீட்டுக்காரரிடம்தான் குறை, இன்னும் விழிப்புணர்வு வேண்டும், இன்னும் தொட்டிகள் வேண்டும் என்பார்கள். ஆனால் இரண்டு தரப்பும் ஒரே தவறான எண்ணத்தில்தான் நிற்கின்றன. சமையலறைக் கழிவு வேறு, விளையின், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தின், சருகு வேறு என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவர் முன்னதைத் தொட்டியில் அடைக்கிறார், மற்றவர் பின்னதைக் கொளுத்துகிறார். தொட்டி நாறுவதும் முற்றம் புகைவதும் இந்தப் பிரிவினையால்தான் என்பதே என் வாதம்.

தொட்டி ஏன் நாறுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமச் சத்தும் நைட்ரஜனும் ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் கிடைத்தால் வேலை சீராக நடக்கும். மரச்சீனித் தோல், காய்கறி நறுக்கு, சோற்று மிச்சம், மீன் செதிள், சக்கை மடல் எல்லாம் கலந்த அடுக்களைக் கழிவில் நைட்ரஜனும் ஈரமும் மிகுதி, கரிமம் குறைவு. அப்படியே மூடி வைத்தால் மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாக மூக்கில் ஏறும். ஈரத்தில் அமுங்கிக் காற்று புகாமல் போனால் அழுகல் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். காய்ந்த சருகு இதற்கு நேர் எதிர். அதில் கரிமம் நைட்ரஜனைப்போல் ஐம்பது, அறுபது மடங்குக்கு மேல், ஈரம் இல்லை, தனியாகக் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால்தான் அது மக்காது என்ற பேச்சு வந்தது. ஒன்று அழுகுகிறது, மற்றது மக்க மறுக்கிறது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டு குறையும் தீரும். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவார்ட் 1924-க்கும் 1931-க்கும் இடையில் இந்தூரில் இருந்து ஒழுங்குபடுத்திய முறையின் அடிப்படையே காய்ந்த செடிகொடிக் கழிவையும் சாணி போன்ற ஈரப் பொருளையும் மாற்றி மாற்றி அடுக்கிக் காற்றுப் படப் புரட்டுவதுதான். அந்த முறையையும் அவர் வானத்திலிருந்து இறக்கவில்லை. இந்திய, சீன உழவர்களின் பழக்கத்தைக் கண்டு அதை அளந்து எழுதினார்.

இப்போது நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். தொட்டியில் கழிவு போட்டதும் மேலே தூவ இனாக்குலம் என்று ஒரு பொடி வேண்டும். தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். அது என்ன? பெரும்பாலும் தென்னைநார்த் தூளிலோ மரத்தூளிலோ நுண்ணுயிரைச் சேர்த்துப் பொதியில் கட்டிய சரக்கு. அதாவது கரிமம். தென்னையே இல்லாத ஊரில், அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருப்பவர் அதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. எட்டுத் தென்னையும் ஒரு பலாவும் நிற்கும் புரையிடத்தில், வாசலுக்கு இருபது அடி தள்ளிக் கரிமத்தைத் தீயிட்டுவிட்டு, உள்ளே வந்து பொதியைப் பிரித்துக் கரிமம் தூவுகிறோம். இதைவிட வேடிக்கையான வீட்டுக் கணக்கு வேறு இருக்க முடியுமா? நுண்ணுயிருக்காகத்தானே வாங்குகிறோம் என்று சொல்லலாம். மண்ணில் கிடந்து பாதி கறுத்த இலையில், ஒரு கை மேல்மண்ணில், ஒரு வாளி சாணிக் கரைசலில் அந்த உயிர்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. குவியலுக்குக் குறைவது பெரும்பாலும் அவை அல்ல. காற்றும், அளவான ஈரமும், காய்ந்த இலையும்தான்.

தொட்டியின் அளவையும் பேச வேண்டும். கழிவுக் குவியல் சூடேறுவது அதன் பருமனைப் பொறுத்தது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் இருந்தால் உள்ளே உண்டாகும் சூடு வெளியே ஓடாமல் நின்று 55 முதல் 65 பாகை வரை ஏறும். களைவிதை சாவதும் ஈப்புழு ஒழிவதும் அந்தச் சூட்டில்தான். வாளியளவுத் தொட்டியில் எந்தக் காலத்திலும் அந்தச் சூடு வராது. புழு வைத்தது என்று தொட்டியைப் பழிப்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் பழி உரம் ஆக்கும் முறையின் மேல் போய் விழுகிறது. கேரளத்தில் பேர்பெற்ற தும்பூர்முழி முறையை இத்துடன் ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். திருச்சூர் மாவட்டத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவான அந்த முறையில் காற்றோட்டமுள்ள நாலடிச் சதுரப் பெட்டி, அடியில் சாணி, அதன்மேல் சருகு, அதன்மேல் கழிவு, மறுபடியும் அதே வரிசை. ஏறக்குறைய 90 நாளில் உரம். இறைச்சிக் கழிவையும் நாறாமல் தாங்கும் அந்தப் பெட்டியின் ரகசியம் சிமெண்டில் இல்லை, இடையிடையே விரித்த சருகில் இருக்கிறது. அரசே ஊர்தோறும் எடுத்துக்காட்டும் முறை சருகை நம்பி நிற்கும்போது, அதே அரசின் வீட்டுத் தொட்டித் திட்டம் சருகை மறந்தது எப்படி என்று தெரியவில்லை.

மறந்ததற்குக் காரணம், உரம் என்ற சொல் இங்கே விவசாயத்திலிருந்து விலகிக் குப்பைத் துறைக்குள் போய்விட்டதுதான் என்று ஊகிக்கலாம். அதற்கு வரலாறு உண்டு. திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பையெல்லாம் விளப்பில்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2000-ல் தொடங்கிய அந்த ஆலையும் உர ஆலைதான். கலந்து வந்த நகரக் குப்பை அங்கே மலையாகக் குவிந்து, ஊர் மக்கள் எழுந்து நின்று, 2011 டிசம்பரில் அது மூடப்பட்டது. 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரத்துக் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ பத்து நாளுக்கு மேல் புகைந்தது. இந்த இரண்டு அடியும் மாநிலத்துக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன: கழிவை அது தோன்றும் இடத்திலேயே முடிக்க வேண்டும். சரியான பாடம். ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போவது அதன் நல்ல பலன்களில் ஒன்று. ஆனால் நகரத்தின் நெருக்கடியில் பிறந்த திட்டம் கிராமத்துக்கும் நகரத்தின் உருவத்திலேயே வந்தது. நகரத்தின் வீட்டில் பிரச்சினை அடுக்களை. அதனால் தொட்டியும் அடுக்களைக்காக. அமரவிளையிலும் இஞ்சிவிளையிலும் மாநில எல்லைக்கு அப்புறம் களியக்காவிளையிலும் ஊர்ப் பெயரிலேயே விளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளையை விட்டுவிட்டு அடுக்களையை மட்டும் கணக்கெடுத்த திட்டம் இந்த ஊர்களில் பாதித் திட்டம்தான்.

சட்டமும் இந்த விஷயத்தில் ஊர்ப்பேச்சைவிடத் தெளிவாகவே இருக்கிறது. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவை அவரவர் வளாகத்திலேயே தனியாக வைத்து உள்ளாட்சி சொல்லும் வழியில் தீர்க்க வேண்டும் என்றன. அதே ஆண்டு டிசம்பர் 22-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்து, சிறு அளவில் எரித்தாலே 5,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கம் இல்லை. முற்றத்துப் புகைக்கு அபராதம் போடும் அதிகாரியை எந்த ஊரும் எளிதில் பார்க்கப்போவதில்லை. சட்டம் எரிக்காதே என்றது, திட்டம் தொட்டி கொடுத்தது. வளாகத்திலேயே வைத்த சருகை எந்த வழியில் தீர்ப்பது என்பதை இரண்டும் சொல்லாமல் விட்டன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எரிப்பது நம் முன்னோர் வழக்கம் என்ற வாதம் அடிக்கடி வரும். அதைப் பாதி ஒப்புக்கொள்ளலாம். முன்னோர் எரித்தார்கள், ஆனால் அடுப்பில் எரித்தார்கள். கொதும்பும் மட்டையும் சிரட்டையும் சோறு வேகவைத்தன. காய்ந்த ஓலை வழியில் வெளிச்சத்துக்குச் சூட்டாயிற்று. பச்சோலையை முடைந்து கூரை மேய்ந்தார்கள். கதம்பை கயிறாகப் போயிற்று. பலாவிலையை ஆடு தின்றது. மிஞ்சிய தழையும் சவறும் இடவப்பாதி மழைக்கு முன் தென்னை மூட்டில் தடம் எடுத்துப் போட்டு மூடப்பட்டன. கும்பிட்டுச் சொல்கிறேன், அந்த வாழ்க்கைக்குத் திரும்பச் சொல்லவில்லை. புகையடுப்பில் இருமிய தலைமுறை யாருக்கும் ஏக்கம் தரக்கூடியது அல்ல. சமையல்வாயு வந்தது, கான்கிரீட் கூரை வந்தது, ஆடு போயிற்று. வேலை பறிபோன சருகு முற்றத்தில் உபரியாக நின்றது. கடைசியில் இன்டர்லாக் கல் பதித்த முற்றமும் வந்தபோது, மண்மேல் விழுந்தால் இலையாக இருந்தது கல்மேல் விழுந்து அழுக்காயிற்று. ஆக, முற்றத்தில் சும்மா கொளுத்தும் பழக்கம் வழிவழியாக வந்தது என்பதைவிட, வழி அறுந்ததால் வந்தது என்பதே பொருந்தும். இன்னொன்றையும் பாருங்கள். வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உதிரும் இலையை யாரும் கூட்டி எரிப்பதில்லை. அது அங்கேயே கிடந்து மண்ணாகிறது. பழைய தறவாட்டின் சர்ப்பக்காவில் வாரியல் படுவதே இல்லை, உரமும் போடுவதில்லை, அங்கே நிற்கும் மரத்தின் செழிப்பையும் அடிமண்ணின் கறுப்பையும் அந்த வீட்டாருக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. ஒரே குடும்பம், ஒரே நிலம், ஒரே இலை. இடம் மாறினால் மட்டும் அது சவறு.

சாம்பலும் உரம்தானே என்பார்கள். இது பொருட்படுத்த வேண்டிய வாதம். இந்தப் பகுதியின் செம்மண்ணும் சரலும் அமிலத் தன்மை மிக்கவை. சாம்பல் அதைக் கொஞ்சம் தணிக்கும், சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் தரும். ஆனால் தீயில் போனது என்ன என்று எண்ண வேண்டும். இலையில் இருந்த நைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடும், கந்தகத்தில் பெரும்பகுதியும் போகும், கரிமம் மொத்தமும் புகை. மிஞ்சும் பொட்டாசியமோ நீரில் கரையும் உப்பு. இடவப்பாதியின் முதல் சில மழைகளிலேயே அது வேருக்கு எட்டாத ஆழத்துக்கோ ஓடைக்கோ இறங்கிவிடும். இந்த மண்ணுக்குப் பெரிய குறை, போட்டதைப் பிடித்துவைக்க முடியாததுதான். இடவப்பாதியும் துலாவர்ஷமுமாக ஆண்டுக்கு இருமுறை அடித்துக் கழுவும் மழையில் சத்தைப் பிடித்துவைக்கும் பொருள் பெரும்பாலும் மக்கிய இலைதான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருக்கும்போது ஒன்று, ஒன்றரை சதவீதமுள்ள இலையுரத்தை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பவருக்கும் இதுவே பதில். யூரியாவையும் போடுங்கள், தேவையென்றால். அதைத் தங்கவைக்க மண்ணில் ஏதாவது வேண்டும் அல்லவா? மேலும் தென்னையின் வேர் மேலாகவே படர்வது. அதன் மூட்டிலேயே சருகைக் கொளுத்துகிறவர் உரம் போடுவதாக நினைத்துக்கொண்டு வேரைச் சுடுகிறார்.

எல்லா எதிர்ப்பிலும் வலுவானது பாம்பு. சருகைக் குவித்தால் பாம்பு வரும் என்று தாய்மார்கள் பயப்படுவதில் ஒரு பொய்யும் இல்லை. கண்ணாடிவிரியன் சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. குவியலின் வெதுவெதுப்பைத் தேடிப் பாம்பு வருவதும் உண்டு. இதற்கு, பயப்படாதீர்கள் என்று சொல்வது பதிலாகாது. ஆனால் பாம்பு தங்க விரும்புவது அசையாத குவியலை. வேலியோரம் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மட்டை அடுக்கும், கதம்பைக் கூட்டமும், மிச்சமான செங்கல்லும்தான் அதற்கு மாளிகை. எலியும் தவளையும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு உரக் குவியலுக்கு மட்டும் பயப்படுவது கணக்குத் தவறு. வீட்டிலிருந்து தள்ளி, நெருங்கிய கண்ணியுள்ள கம்பிவலைக்குள், மாதம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டும் குவியல் பாம்புக்கு நிம்மதியான இடம் அல்ல. புரட்டுமுன் கம்பால் தட்டுவதும், வெறுங்கையை உள்ளே விடாததும் கட்டாயம்.

இதைவிட அதிகம் யோசிக்க வேண்டியது, ஊரில் குறைவாகப் பேசப்படும் காண்டாமிருக வண்டு. தென்னையின் குருத்தைத் துளைக்கும் அந்த வண்டு முட்டையிடுவது சாணிக் குழியிலும் மக்கும் குவியலிலும் செத்த தென்னந்தடியிலும். உரம் ஆக்கப்போய்த் தென்னையைக் கெடுத்தோம் என்று ஆகிவிடலாம். தென்னை வளர்ப்போரிடம் இதைச் சொல்லாமல் உரத்தை மட்டும் புகழ்கிறவர் நேர்மையாகப் பேசவில்லை. நல்லவேளையாக, அந்த வண்டு முட்டையிலிருந்து முழுதாக வளர ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். மாதந்தோறும் புரட்டி, தடித்து வளைந்த வெண்புழுவைக் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போட்டு, மூன்று நான்கு மாதத்தில் காலியாக்கும் குவியல் அதற்குப் பிறப்பிடம் ஆக முடியாது, பொறியாகத்தான் ஆகும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குவியலில் கலந்தால் புழு அங்கேயே சாகும். இனாக்குலத்துக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

இடமில்லை என்ற பேச்சைச் சுருக்கமாகவே முடிக்கலாம். மூன்றடிக்கு மூன்றடி என்றால் ஒன்பது சதுர அடி. ஒரு சென்டில் 435 சதுர அடிக்கு மேல் உண்டு. ஐந்து சென்டு வீட்டிலும் இதற்கு மூலை கிடைக்கும். தென்னோலை மக்குமா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. ஒரு தென்னை ஆண்டுக்குச் சுமார் பன்னிரண்டு ஓலை தள்ளும். எட்டுத் தென்னைக்கு நூறை நெருங்கும். மட்டையும் ஈர்க்கும் சீக்கிரம் மக்காது என்பது உண்மை. ஆனால் மட்டையை நீக்கி, ஓலையைக் கையளவாக நறுக்கி, சாணியோடு சில வாரம் ஊறவைத்தால் அதைத் தின்று உரமாக்கும் மண்புழு இருக்கிறது. யூட்ரிலஸ் வகையைச் சேர்ந்த அந்தப் புழுவை வைத்துத் தென்னோலை உரம் ஆக்கும் முறையைக் காசர்கோட்டின் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறது. அந்த வேலைக்கு ஆள் இல்லாதவர் மட்டையையும் ஓலையையும் தென்னை மூட்டைச் சுற்றி அப்படியே பரப்பிவிடலாம். வெயிலில் ஈரம் காக்கும், களையை அடக்கும்.

கடைசியாக, இந்த வேலையை யார் செய்வது? இதுவும் வீட்டுப் பெண்ணின் தலையில்தானே விழும் என்ற கேள்வியைச் சிரித்துத் தள்ளக் கூடாது. தொட்டித் திட்டங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே அவள் கையில் வாளியைக் கொடுத்தன. ஆனால் சருகு விஷயத்தில் பெரிய வேலை, அதாவது குனிந்து கூட்டுவது, இப்போதும் அன்றாடம் நடக்கிறது. கூட்டியதை எந்த மூலைக்குத் தள்ளுவது என்பது மட்டுமே மாறுகிறது. தீ மூட்டுபவர் பக்கத்தில் நின்று காற்றையும் பார்க்க வேண்டும், அணைந்ததா என்றும் பார்க்க வேண்டும். குவியலுக்கு அந்தக் காவல் வேண்டாம். மாதம் ஒருமுறை புரட்டும் வேலை மண்வெட்டி பிடிக்கும் கைக்கு அரைமணி நேரம், அது ஆணின் கையாக இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. சுமந்துபோகும் வேலையும் இதில் இல்லை. எல்லைச் சாவடியில் கேரளக் கழிவு ஏற்றிய லாரியை மறிப்பதும், 2024 டிசம்பரில் திருநெல்வேலிக் கிராமங்களில் கொட்டிய மருத்துவக் கழிவைக் கேரளமே திரும்ப அள்ளிக்கொண்டு போனதும் செய்தியாயின. அப்படி ஊர் கடத்த வேண்டிய பண்டம் அல்ல சருகு. வேலியைக் கூடத் தாண்டாமல் முடிந்துபோகும்.

மகரத்தில் முதல் அடுக்குப் போடும்போது சருகு மூன்று பங்கு, அடுக்களைக் கழிவு ஒரு பங்கு, நடுவில் சாணிக் கரைசல், மேலே எப்போதும் சருகு. பிழிந்தால் ஒரு துளி கசியும் அளவுக்கு ஈரம். மழைக்கு மேலே ஒரு தகடு. மேடம் பத்தில், பத்தாமுதயத்துக்கு நடவு தொடங்கும்போது, இது கடைப்பொதியில் வரும் உரம்போலப் பொடியாக இராது. பலாவிலையின் நரம்பும் காம்பும் தெரியும், ஈர்க்கும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். தென்னைத் தடத்துக்கு அந்தப் பதமே போதும். சல்லடையில் அரித்தால் கீழே விழுவது வெண்டைக்கும் பயறுக்கும். மேலே நிற்பது அடுத்த குவியலின் அடியில் முதல் அடுக்கு.